திரும்பக் கேட்பதும் ஒரு படைப்பே

கொடுத்த பொருளைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்பது பக்கத்து வீட்டுக்கு ஏணி இரவல் கொடுத்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஏணியை வாங்கிய மனிதன் நம்மைத் தெருவில் கண்டால் கொஞ்சம் ஒதுங்கிப் போவான். உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பாவது இருக்கும். கலை எதிர்வினை வாரியத்துக்கு அந்தக் குறையும் கிடையாது. அது எதிரே ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பிடியில் மாட்டியவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியும் குடியிருப்பில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். அவர் வாரியத்திடம் கொடுத்தது ஒரு படம். வரைந்தது அவர் மனைவி. அவள் ஓவியர் அல்ல, துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். வாழ்நாளில் ஒரே ஒரு படம் வரைந்தாள்: சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கொடியில் காய்ந்துகொண்டிருக்கும் அவருடைய வேலைச் சட்டை.

"சட்டைய எதுக்கு வரைஞ்ச? என்னையே வரைஞ்சிருக்கலாம்ல?" என்று அவர் கேட்டதற்கு, "நீங்க எங்க வீட்ல நின்னீங்க? எப்பப் பாரு எவன் வீட்டு லிஃப்ட்லயோ தொங்கிட்டு இருந்தீங்க. சட்டைதான் இங்க நின்னுச்சு" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் சட்டைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாரியம் அந்தச் சுவர்வரை வந்த கதையைச் சொல்ல வேண்டும். வாரியத்தின் அடிப்படை விதி எளிமையானது. எந்தக் கலைஞரும் தானாக எதையும் தொடங்கக் கூடாது; இன்னொருவர் படைப்பை எடுத்துக்கொண்டு அதற்கு எதிர்வினையாகத்தான் படைக்க வேண்டும். தானாகத் தொடங்குவது திமிர். விதி வந்த நாளிலிருந்து கலைஞர்கள் அனைவரும் அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அடக்கம் பெருகிப் பெருகி, நாட்டில் ஒரு கோடுகூட விழவில்லை. கடைசியில் வாரியம் ஒரு வழி கண்டது. கலைஞர் அல்லாதவர்கள் வீட்டில் வரைந்து வைத்திருப்பதை எடுத்து வந்து தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். அவர்கள் திமிர் பிடித்தவர்களாக இருந்தால் என்ன, அவர்களுக்கு மானியம் கிடையாதே.

அப்படி வீடு வீடாக வந்த சேகரிப்பு அதிகாரி சட்டைப் படத்தின் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம்.

"திருப்பிக் குடுப்பாங்களா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"வாரியமாச்சே, குடுக்காம எங்க ஓடிடப் போறாங்க?" என்று லிஃப்ட்காரர் தானே ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றிக் கொடுத்தார். பெருமை அப்படிப்பட்டது. தன் சட்டை நாட்டுக்கே தொடக்கமாகப் போகிறது என்றால் யாருக்குத்தான் கால் தரையில் பாவும்?

படம் போன மறு மாதம் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், வாய், மூன்றும் ஒரே வேளையில் போயின. பேச்சில் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "அங்க." இடது கையைத் தூக்கி, வெறும் ஆணியும் அதற்குக் கீழே வெளுத்த சதுரமுமாக இருந்த சுவரைக் காட்டி "அங்க" என்பாள். தண்ணீர் கொடுத்தால் "அங்க". முதுகைத் தேய்த்துவிட்டால் "அங்க". வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் லிஃப்ட்காரரைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாங்க. மனச அலைய விடாதீங்க. அவங்க கேக்கறது எதுவோ அதக் கொண்டுவந்து கண்ணு முன்னால வைங்க" என்றார்.

மனைவியின் தங்கை பகலில் வந்து பார்த்துக்கொண்டாள். அழகு நிலையத்தில் வேலை. நாக்கு கத்தரிக்கோலை விடக் கூர்மை. "இதுல யோசிக்க என்ன இருக்கு அத்தான்? போய் எடுத்துட்டு வாங்க. நம்ம படம், நம்ம ஆணி" என்றாள்.

அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனார்.

வாரியத்தின் கட்டடம் மூன்று மாடி. ஓடாமல் நின்றிருந்த லிஃப்டின் கதவில் "இந்த நிறுத்தம், மேல்மாடிச் சிற்பத்துக்கான எதிர்வினை" என்று எழுதி ஒட்டியிருந்தது. கதவு சறுக்கி ஓடும் கட்டை தேய்ந்ததால்தான் நின்றிருக்கிறது என்று அவர் ஒரு பார்வையிலேயே கண்டுகொண்டார். ஆனால் வந்த வேலை வேறு என்று படியேறினார்.

சேகரிப்பு அதிகாரி அவரை அடையாளம் கண்டு கண்ணை மூடிக்கொண்டார். "வாங்கய்யா, வாங்க! உங்க படம் என்னவெல்லாம் ஆயிருக்குன்னு பாருங்க!"

"என்ன ஆச்சும்மா? கிழிஞ்சிருச்சா?"

"அய்யய்யோ, அதுக்கு ஒண்ணும் ஆகல. அத யாருமே பாக்கல."

இதை அவர் மிகப் பெருமையாகச் சொன்னார். முதல் அறையில் ஒரு கவிஞர் இருந்தார். படத்துக்கு முதல் எதிர்வினை அவருடைய கவிதை. படத்தைப் பார்த்து எழுதினீர்களா என்று லிஃப்ட்காரர் கேட்டார். கவிஞர் புண்பட்டுப் போனார். "பாத்து எழுதறது அடிமைத்தனம் சார். படத்தோட முதுகப் பாத்து எழுதினேன். அட்டையும் ஆணியும்தான் தெரிஞ்சுது. 'துருப்பிடித்த கடவுள்'னு தலைப்பு."

அடுத்த அறையில் ஒரு சிற்பி, 'துருப்பிடித்த கடவு'ளுக்கு எதிர்வினையாக ஆள் உயர இரும்புக் கதவு செய்திருந்தார். கவிதையைப் படித்தாரா? இல்லை, கவிஞர் அதை வாசித்தபோது இருமிய இடம் அவரை உலுக்கிவிட்டதாம். கதவுக்கு எதிர்வினையாக ஒரு இசைக்காரர் கிறீச்சென்ற ஒலியை அறை முழுக்க ஓடவிட்டிருந்தார். ஒலிக்கு எதிர்வினையாக ஒரு நடனக்காரி காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்திருந்தாள். அவளுக்கு எதிர்வினையாக ஒரு வாசனைக் கலைஞர், படுத்திருப்பவரின் காலுறை வாசனையைச் சீசாவில் அடைத்திருந்தார். அந்தச் சீசாவுக்கு எதிர்வினையாகக் கடைசி அறையில் ஒருவர் ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார். இத்தனையிலும் புத்தியோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியது. பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அவர் பெருக்க வந்தவர்; கலைஞர் சாப்பிடப் போயிருந்தார்.

"எல்லாம் நல்லாருக்கும்மா," என்றார் லிஃப்ட்காரர். "என் வீட்டுக்காரிக்கு உடம்பு முடியல. அந்தப் படத்தக் குடுத்தீங்கன்னா நான் பஸ்ஸப் புடிச்சுப் போயிடுவேன்."

அதிகாரி கண்ணைத் திறந்தார். முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தார். பிறகு ஓடாத குறையாக இயக்குநரின் அறைக்கு அழைத்துப் போனார்.

இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். பருத்த, அன்பான மனிதர். மேஜை மேல் ஒன்றுமே இல்லை. ஒன்றும் வைக்காமல் இருப்பதும் யாருக்கோ எதிர்வினை போலிருக்கிறது.

"உக்காருங்க ஐயா. உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நாங்க வாழறோம். இத நான் மேடைக்குச் சொல்லல, நிஜமாவே சொல்றேன். இந்த உலகத்துல யாரு எதத் தொடங்கினாங்க, சொல்லுங்க? நான் இந்த நாற்காலில உக்காந்ததே, எனக்கு முன்ன இருந்தவர் எழுந்ததுக்கு எதிர்வினைதான். அவரா எழுந்தாரான்னு கேக்காதீங்க, அது வேற கதை. நானும் ஒரு காலத்துல வரைஞ்சவன். இப்ப வரையறதில்ல. ஏன்? யாரும் என் படத்துக்கு எதிர்வினை செய்யல. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே இந்த நாட்டுல எவனும் எதிர்வினை செய்யாம தப்பிக்கக் கூடாதுன்னு."

"சரிங்க சார். அந்தப் படம்..."

"படம் பத்திரமா கீழ பாதுகாப்பு அறையில இருக்கு. தாராளமா எடுத்துட்டுப் போகலாம். விதி ரொம்ப சுலபம். ஒரு படைப்புக்கு மூணு மாசம் எந்த எதிர்வினையும் வரலன்னா, அது செத்துப்போச்சுன்னு அர்த்தம். செத்தத நாங்க வெச்சுக்கறதில்ல. உடனே வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

"கடைசியா எப்ப வந்துச்சு சார்?"

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். "இப்பத்தான். நீங்க வந்து கேட்டீங்களே!"

லிஃப்ட்காரருக்கு முதலில் புரியவில்லை. இயக்குநர் பொறுமையாக விளக்கினார். திரும்பக் கேட்பதும் ஓர் எதிர்வினையே. சொல்லப்போனால் இதுவரை வந்ததில் இதுதான் நேரடியானது. கவிஞர் முதுகைப் பார்த்தார். இவரோ இல்லாததையே பார்க்கிறார். இந்தக் கோரிக்கைக்கு எதிர்வினை செய்ய நாளைக்கே ஒருவரை நியமிக்க வேண்டும்.

"சார், அது என் பொண்டாட்டி வரைஞ்சது சார். அவ வாய் வராம சுவத்தக் காட்டிக்கிட்டே கெடக்கறா. டாக்டர் சொல்லிட்டாரு..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இருட்டுக் கிணறு போன்ற லிஃப்ட் குழிகளில் தொங்கியபோதுகூடக் கலங்காத மனிதர்.

அதிகாரி மெல்லக் கதவைத் திறந்தார். கவிஞரும் சிற்பியும் இசைக்காரரும் வந்து வரிசையாக நின்றார்கள். நடனக்காரிகூட எழுந்து வந்தாள். அவர் அழுது முடித்துத் துண்டை எடுத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

"மறுபடி எப்ப வருவீங்க?" என்று இயக்குநர் ஆவலோடு கேட்டார். "செவ்வாய்க்கிழமை வந்தீங்கன்னா கூட்டம் நல்லா இருக்கும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கொழுந்தியாள் வாயடைத்துப் போனாள். அவள் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை, முதல் தடவை கல்யாணத்தன்று. பிறகு சொன்னாள்: "அப்ப கேக்காம இருங்க அத்தான். மூணு மாசம் மூச்சு விடாதீங்க. அவங்க விதிய வெச்சே அவங்களக் கட்டிப்போடுங்க."

நல்ல யோசனைதான். ஆனால் கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று கேட்பதற்கு ஒன்று இருக்கிறவனுக்குத்தான் தெரியும். மனைவி "அங்க" என்பாள். அவர் சன்னக் குரலில், "வந்துரும்மா, வந்துரும்" என்பார். இதுவும் எதிர்வினைக் கணக்கில் சேருமோ என்று பயந்து ஜன்னலைப் பார்த்துக்கொள்வார். கொழுந்தியாள் ஒரு நாள் காலண்டரிலிருந்து அருவிப் படம் ஒன்றைக் கிழித்து அந்த ஆணியில் மாட்டினாள். மனைவி அருவியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அன்று முழுக்கக் கஞ்சி குடிக்கவில்லை. அருவியைக் கழற்றினார்கள்.

இரண்டு வாரம் போனது. எதிர்ச் சாரி நடைபாதையில் முகம் முழுக்க வெள்ளை பூசிய ஒருவன் வந்து நின்றான். காலையில் வந்து மாலையில் போனான். பேசவில்லை, அசையவில்லை, இவர் வீட்டு ஜன்னலையே பார்த்தான். கொழுந்தியாள் போய்ச் சண்டை போட்டாள். அவன் வாயைத் திறக்காமல் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் காட்டினான்: "லிஃப்ட்காரரின் மௌனத்துக்கான எதிர்வினை. வழங்குவது: கலை எதிர்வினை வாரியம்."

சும்மா இருந்ததும் கணக்கில் சேர்ந்துவிட்டது. கேட்டாலும் மறுபடி மூன்று மாதம், கேட்காவிட்டாலும் மறுபடி மூன்று மாதம். மேலே போகும் பொத்தானை அழுத்தினாலும் அதே தளம், கீழே போகும் பொத்தானை அழுத்தினாலும் அதே தளம். இப்படி ஒரு பழுதை அவர் எந்த லிஃப்டிலும் பார்த்ததில்லை. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, "தெரியாமக் குடுத்துட்டேம்மா. உன்னக் கேக்காமக் குடுத்துட்டேன்" என்றார். அவள் இடது கையால் அவர் முழங்காலைத் தட்டினாள். ஆறுதலா, போதும் நிறுத்து என்பதா, தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கொழுந்தியாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவருக்கு உயிரே போயிற்று.

"ஒண்ணுமில்ல அத்தான். உள்ள வந்து பாருங்க."

கட்டிலைச் சுவரோரமாக இழுத்துப் போட்டிருந்தாள். மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையில் தங்கையின் புருவம் தீட்டும் பென்சில். சுவரில், வெளுத்த சதுரத்துக்குள், ஒரு கோடு நடுங்கி நடுங்கிக் கொடியாக ஓடியது. அதில் ஒரு தோள்பட்டை, ஒரு கை, பாதிக் காலர். பழைய படத்தில் இருந்த அழகெல்லாம் இல்லை. கோணலும் மாணலுமாக, காற்றில் அடிபட்ட மாதிரி இருந்தது. ஆனால் சட்டை. அவருடைய சட்டை. அவர் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார், அழுதார், பிறகு இரண்டும் ஒன்றாக வந்தது. அவள் முகத்தின் பாதியால் சிரித்தாள். அன்று இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

"படமும் வேணாம், வாரியமும் வேணாம்" என்றார் அவர். அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

அவர் மறந்துவிட்டது ஜன்னலை. வெள்ளை முகத்துக்காரனுக்கு வாய் இல்லாவிட்டாலும் கண் இருந்தது.

காலையில் இயக்குநர் வந்தார். கூடவே சேகரிப்பு அதிகாரி; பின்னால் கடப்பாரையும் உளியும் வைத்துக்கொண்டு இரண்டு கொத்தனார்கள். சுவரைப் பார்த்ததும் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநரின் குரல் தழுதழுத்தது.

"தன் படைப்புக்குத் தானே எதிர்வினை! அதுவும் செத்துப்போன கைக்கு உயிரோட இருக்கற கை சொல்ற பதில்! ஐயா, இது இங்க இருக்கக் கூடாது. இது மக்களோட சொத்து. கவலப்படாதீங்க, முழுச் சுவத்தையும் எடுக்க மாட்டோம், இந்தச் சதுரத்த மட்டும் பேத்து எடுத்துப்போம். ஓட்டைய நீங்க வெச்சுக்கலாம். அம்மாவையும் ஒரு வாரம் அனுப்பி வெச்சீங்கன்னா, கட்டிலோடவே..."

"கட்டிலோட உங்க அப்பனக் கொண்டுபோய் வெய்யி" என்று கொழுந்தியாள் பாய்ந்தாள். அதிகாரி கண்ணை மூடியபடியே, "என்ன ஒரு கோபம்!" என்று மெய்சிலிர்த்தார். கத்தினால் எதிர்வினை. அடித்தால் எதிர்வினை. காலில் விழுந்தால் கைதட்டுவார்கள். லிஃப்ட்காரருக்கு அது புரிந்துவிட்டது. கொத்தனார் உளியைச் சுவரில் வைத்து அளவு பார்த்தார்.

"எது சார் படைப்பு?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"இதோ, இதுதான்."

"இதுவா? இது கறை சார்."

இயக்குநர் திரும்பினார்.

"மேல் வீட்ல பைப்பு ஒழுகுது. ஈரம் எறங்கி எறங்கிக் கறுத்துப் போச்சு. பெயிண்டர வரச் சொல்லியிருக்கேன்." அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. மனைவியின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நடுங்கியிருக்கும்.

"பென்சில் கோடு மாதிரி இருக்கே?"

"எல்லாருக்கும் ஒவ்வொரு மாதிரித் தெரியும் சார். நேத்து எங்களுக்கு ஆமை மாதிரி இருந்துச்சு."

இயக்குநர் சுவரருகே போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சந்தேகம் இருந்தது. "கறைன்னா துடைக்கத் தயங்க மாட்டீங்களே. எங்க, துடைங்க பாப்போம்."

கொழுந்தியாள் ஈரத்துணியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு சுவருக்கு எதிரே நின்றார். காலர் தெரிந்தது. தோள்பட்டை தெரிந்தது. எத்தனையோ மாடி உயரத்தில் ஒற்றைக் கயிற்றை நம்பித் தொங்கிய அந்தக் கை மேலே எழும்ப மறுத்தது.

அவர் கையிலிருந்த துணியை யாரோ இழுத்தார்கள். மனைவி. இடது கையால் துணியை வாங்கி, கட்டிலிலிருந்து எக்கி, காலரில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். எண்ணெய்ப் பெயிண்ட் அடித்த சுவர். சட்டை கறுப்பாய்க் கரைந்து வழிந்தது. தோளைத் தேய்த்தாள், கையைத் தேய்த்தாள், கொடியை முனைவரை துரத்திப் போய்த் தேய்த்தாள். முடித்துவிட்டு இயக்குநரைப் பார்த்தாள். வாயைக் கோணி, நாக்கை இழுத்து, நெற்றி வியர்க்க முயன்று, உடம்பு விழுந்த நாளிலிருந்து சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னாள்.

"க... கறை."

இயக்குநரின் முகம் தொங்கிப் போயிற்று. கறைக்கு எதிர்வினை செய்ய விதியில் இடமில்லை. "வீண் அலைச்சல்" என்று அதிகாரியைக் கடிந்துகொண்டே படியிறங்கினார். மூன்று மாதம் கழித்துப் படத்துக்கு விசாரிக்கலாம், ஆனால் விசாரிக்கக் கூடாது என்று நினைவுபடுத்தவும் மறக்கவில்லை. வெள்ளை முகத்துக்காரன் மட்டும் நடைபாதையிலேயே நின்றான்; அவனைப் போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

லிஃப்ட்காரர் ஜன்னலைச் சாத்தினார். கதவைத் தாழிட்டார். கூடம் இருட்டாயிற்று, விளக்கைப் போட்டார். மனைவி இடது கையை நீட்டினாள். தங்கை பைக்குள் தேடிப் புதுப் பென்சில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று முதல் அந்த வீட்டில் ஜன்னல் திறப்பதில்லை. அவள் தினமும் வரைகிறாள். கை தேறி வருகிறது என்று டாக்டர் சொல்கிறார். இப்போது சட்டைக்குள்ளே ஆளும் வரத் தொடங்கியிருக்கிறார்: முதலில் கழுத்து, பிறகு மோவாய், ஒரு நாள் காது வரைக்கும்கூட வந்துவிட்டது. லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. கதவோரம் நாற்காலி போட்டு, தெருவில் காதை வைத்துக்கொண்டு, மடியில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று சுவரில் அவர் முகத்துக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் பாய்ந்து போய், ஒரே வீச்சில், கண், காது, மோவாய், சட்டை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மூச்சிரைக்க நின்றார். கொழுந்தியாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"பால் வண்டி அத்தான்" என்றாள்.